போனில் இதய ஒலிப் பதிவு: ஒரு போனில் தெளிவாக வருகிறது, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. ஏன்?

#1 இளவேனில்

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளின் இதய ஒலியைப் போனில் பதிந்து, மர்மர் (லப்-டப் ஒலிகளுக்கு இடையே கேட்கும் கூடுதல் இரைச்சல்) இருக்கலாம் என்று தோன்றுகிறவர்களை முதல்கட்டமாகப் பிரித்தெடுக்கும் கல்லூரி புராஜெக்ட் இது. இப்போது இருப்பது:

– சாதாரண இரட்டைத் தலை ஸ்டெதஸ்கோப். டியூபை 30 செ.மீ. விட்டு வெட்டி, முனையில் 9.7 மி.மீ. எலெக்ட்ரெட் மைக்.
– 3.5 மி.மீ. ஜாக் வழியாக ஆண்ட்ராய்டு போன். போனோடு வந்த ரெக்கார்டர் செயலி.
– பிசியோநெட் 2016 தரவில் (பொதுவில் கிடைக்கும் இதய ஒலிப் பதிவுகள்) பயிற்றுவித்த நியூரல் நெட்வொர்க். அந்தத் தரவிலேயே ஒதுக்கி வைத்த துண்டுகளில் 97% சரியாகச் சொல்கிறது.

சிக்கல் மூன்று. போன் 'அ'வில் லப்-டப் நன்றாகக் கேட்கிறது, 'ஆ'வில் அலைவடிவம் கிட்டத்தட்ட நேர்கோடு. 'அ'விலும், ஒவ்வொரு டப்புக்கும் பிறகு 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் மெல்ல எழுகிறது. நலமாக இருப்பவர்களிடமும் அப்படித்தான். மூன்றாவது, நெட்வொர்க் எங்கள் பதிவுகளில் எல்லோரையுமே 'இயல்பற்றது' என்கிறது. மாடலை மாற்ற வேண்டுமா?

#2 குறுஞ்செயலி

மாடலை இப்போதைக்குத் தொடாதீர்கள். மூன்று சிக்கலுக்கும் பெரும்பங்கு காரணம் அந்த ரெக்கார்டர் செயலி.

போன் மைக் மனிதப் பேச்சுக்காக அமைக்கப்பட்டது. பேச்சின் தெளிவுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் தேவையில்லை. அங்கே இருப்பது காற்றும் கை உரசலும் என்று வைத்து வெட்டிவிடுவார்கள். ஆனால் முதல் ஒலி (லப்), இரண்டாம் ஒலி (டப்) இரண்டின் ஆற்றலும் பெரும்பாலும் 20 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கிறது. 'ஆ' போனில் நேர்கோடு வருவதற்கு இதுவே முதல் சந்தேகம்.

அந்த 'ஸ்ஸ்' தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டின் வேலை, அதாவது ஏ.ஜி.சி. டப் முடிந்து டயஸ்டோலில் (இதயம் தளர்ந்து நிரம்பும் நேரம்) அமைதி வந்ததும், "சத்தம் குறைந்துவிட்டதே" என்று அது பெருக்கத்தை ஏற்றுகிறது. மைக்கின் சொந்த இரைச்சல் மேலே வருகிறது. அடுத்த லப் வந்ததும் சடாரென்று இறக்குகிறது. படத்தில் பார்த்தால் அசல் டயஸ்டோலிக் மர்மர் மாதிரியே இருக்கும்.

இதைவிட மோசம், இரைச்சல் நீக்கி. அது மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் அகன்ற பட்டை ஒலியைத் தேடி அழிக்கும். பெரும்பாலான மர்மர்களும் அதற்கு நெருக்கமான ஒலிதான். ஆக ஏ.ஜி.சி. இல்லாத மர்மரை உண்டாக்கும், இரைச்சல் நீக்கி இருக்கிற மர்மரை அழிக்கும்.

செய்ய வேண்டியது: சொந்தமாக ஒரு சிறு செயலி எழுதுங்கள். மீடியாரெக்கார்டர் வேண்டாம், ஆடியோரெக்கார்டு வகுப்பைப் பயன்படுத்துங்கள். ஒலி மூலம் (ஆடியோ சோர்ஸ்) என்ற இடத்தில் 'அன்பிராசஸ்டு', அதாவது பதப்படுத்தாத ஒலி, என்று கொடுங்கள், ஆண்ட்ராய்டு 7.0 முதல் இருக்கிறது. போன் அதை ஆதரிக்கிறதா என்று ஆடியோமேனேஜரிடம் முதலில் கேட்க வேண்டும். ஆதரிக்காவிட்டால் 'வாய்ஸ் ரெகக்னிஷன்' மூலம் அடுத்த நல்ல தேர்வு. 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ, வேவ் கோப்பு. ஐபோனில் என்றால் ஆடியோ செஷனை 'மெஷர்மென்ட்' முறையில் வையுங்கள்.

'அன்பிராசஸ்டு' என்று எழுதிவிட்டதாலேயே நிம்மதி அடையவும் கூடாது. ஆண்ட்ராய்டின் இணக்க விதியில் அந்த மூலத்துக்கு 100 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை ±10 டெசிபெல் விலகல் அனுமதி. 5 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை ±20 டெசிபெல். 20 டெசிபெல் என்றால் வீச்சில் பத்து மடங்கு. விதியை முழுக்க மதிக்கிற இரண்டு போன்கள்கூட நமக்கு வேண்டிய பட்டையில் இவ்வளவு வேறுபடலாம். அதனால் ஒவ்வொரு போன் மாடலையும் அளந்துதான் ஆக வேண்டும்.

#3 ரெசிஸ்டர்ராஜா

மென்பொருள் பக்கம் குறுஞ்செயலி சொன்னதோடு முழு உடன்பாடு. ஆனால் 'ஆ' போன் வெளி மைக்கையே எடுக்காமல் உள் மைக்கில் பதிகிறதா என்று முதலில் பாருங்கள். பதிவு ஓடும்போது போனின் அடிப்பக்கத் துளையை விரலால் தட்டுங்கள், பிறகு மார்பில் வைக்கும் தலையை, அதாவது செஸ்ட்பீஸைத் தட்டுங்கள். எது கோப்பில் விழுகிறதோ அதுதான் மைக்.

வெளி மைக் எடுக்கவில்லை என்றால் காரணங்கள் வரிசையாக:

ஜாக் வயரிங். நான்கு வளைய ஜாக்கில் இப்போது வழக்கத்தில் இருக்கும் சி.டி.ஐ.ஏ. முறைப்படி நுனி இடது, அடுத்தது வலது, மூன்றாவது கிரவுண்டு, அடி வளையம் மைக். பழைய ஓ.எம்.டி.பி. முறையில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். பழைய ஹெட்செட்டிலிருந்து வெட்டிய வயர் என்றால் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டே பற்றவையுங்கள்.

மைக்கின் முனைகள். எலெக்ட்ரெட் கேப்ஸ்யூலின் பின்புறம் இரண்டு பற்றில் எது உலோக உறையோடு இணைந்திருக்கிறதோ அது கிரவுண்டு. மாற்றிப் பற்றவைத்தால் ஒலி வராது, அல்லது மிக மெல்லியதாக வரும். சால்டரிங் சூடு உள்ளே இருக்கும் மின்னூட்டப் படலத்தைக் கெடுக்கும். ஒரு பற்றுக்கு 2–3 வினாடிக்கு மேல் முனையை வைக்காதீர்கள்.

மின்தடை. ஆண்ட்ராய்டு ஹெட்செட் விதிப்படி மைக் 1000 ஓம் அல்லது அதற்கு மேல் தெரிய வேண்டும். 70 ஓமுக்குக் கீழே தெரிந்தால் 'பட்டன் அழுத்தப்பட்டது' என்று போன் நினைக்கும். ஈயம் வழிந்து பாதி ஷார்ட் ஆன மைக்கில் பாட்டு தானாக ஓடுவதும் நிற்பதும் இதனால்தான்.

ஜாக் இல்லாத போனில் சி-டைப் மாற்றி போடும்போது, உள்ளே ஒலி சிப் இருக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் வயர் மாற்றி எல்லாப் போனிலும் வேலை செய்யாது. சிப் உள்ளதில் ஒரு நன்மையும் உண்டு: எந்தப் போனில் செருகினாலும் மைக் பக்கத்து மின்சுற்று ஒன்றே. போனுக்குப் போன் வேறுபாடு வெகுவாகக் குறையும்.

அடுத்து அந்த 30 செ.மீ. டியூப். கால் அலைநீளக் கணக்குப்படி 343 ÷ (4 × 0.3) = சுமார் 286 ஹெர்ட்ஸில் முதல் ஒத்ததிர்வு. மர்மர் இருக்கும் பட்டையின் நடுவில் ஒரு மேடு! டியூபை 3 செ.மீ. ஆக்கினால் அதே கணக்கில் 2860 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், நமக்குத் தொந்தரவில்லை. காது வரை கொண்டுபோகத்தான் நீள டியூப், மைக்குக்கு அது தேவையே இல்லை.

சீல் முக்கியம். மைக்குக்கும் டியூபுக்கும் இடையே காற்று கசிந்தால் முதலில் காணாமல் போவது தாழ் அதிர்வெண். 9.7 மி.மீ. கேப்ஸ்யூலை டியூபின் வாயில் ஒட்டவைக்காமல், 6 மி.மீ. கேப்ஸ்யூல் வாங்கி உள்ளே இறக்குங்கள். பிளம்பிங் கடை டெஃப்லான் டேப்பை இரண்டு மூன்று சுற்று சுற்றினால் இறுக்கமாக உட்காரும். மேலே ஹீட் ஷ்ரிங்க். பாகங்கள் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பவைதான்.

இன்னொன்று. யாராவது மேக்ஸ்9814 பெருக்கிப் பலகையைப் போடச் சொன்னால் வேண்டாம். மலிவு, நல்ல சிப், ஆனால் அதற்குள்ளேயே ஏ.ஜி.சி. இருக்கிறது. பெருக்கி வேண்டுமென்றால் மேக்ஸ்4466 பலகை. அதில் பெருக்கத்தைத் திருகாணியால் ஒரு முறை வைத்து, மேலே ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டு நகராமல் செய்துவிடலாம்.

#4 கிராமசெவிலி

இரட்டைத் தலை என்கிறீர்கள். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்தீர்களா? தண்டைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் மூடும். டயாஃப்ரத்தை, அதாவது தட்டையான சவ்வுப் பக்கத்தை, மெல்லத் தட்டிப் பாருங்கள். சத்தம் வரவில்லை என்றால் கிண்ணம் போன்ற பெல் பக்கம் திறந்திருக்கிறது. பதிவில் 'ஒன்றுமே இல்லை' என்பதற்கு இதுவும் அடிக்கடி காரணம்.

#5 இளவேனில்

சிஸ்டர், தண்டு சரியாகத்தான் இருந்தது. ஆனால் தட்டிப் பார்த்ததில் 'ஆ' போன் உள் மைக்கில்தான் பதிகிறது என்று தெரிந்தது. ராஜா சார் சொன்னபடி ஜாக்கை அளந்தால் வயரிங் பழைய முறை. மாற்றியதும் சிக்னல் வந்துவிட்டது.

செயலியையும் 'அன்பிராசஸ்டு' ஆக்கினோம். 'அ'வில் 'ஸ்ஸ்' போய்விட்டது. 'ஆ' அந்த மூலத்தை ஆதரிக்கவில்லை, 'வாய்ஸ் ரெகக்னிஷன்' வைத்தோம். இப்போது கேள்வி: 'ஆ'வில் ஏ.ஜி.சி. உண்மையில் அணைந்திருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது? ஒவ்வொரு போனையும் அளப்பதற்கு ஆய்வகக் கருவி எதுவும் இல்லை.

#6 அலைவரிசை

ஆய்வகம் வேண்டாம். காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்றும் மடிக்கணினி ஒன்றும் போதும்.

ஆடாசிட்டியில் (ஒலித் தொகுப்பு மென்பொருள்) 40, 60, 80, 100, 150, 200, 300, 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலிகள், ஒவ்வொன்றும் 3 வினாடி, ஒரே வீச்சில் உருவாக்குங்கள். ஹெட்போன் குஷனுக்குள் செஸ்ட்பீஸை வைத்து, சுற்றிலும் துணியால் கசிவில்லாமல் அழுத்தி, ஒலிக்கவிட்டுப் பதியுங்கள். ஹெட்போனின் சொந்த வளைவும் இதில் சேர்ந்துவிடும், அதனால் இது தனி அளவீடு அல்ல. ஆனால் அதே ஹெட்போன், அதே செஸ்ட்பீஸ் வைத்து இரண்டு போனிலும் பதிந்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், போன்களுக்கு இடையிலான வேறுபாடு கிடைக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

ஏ.ஜி.சி.க்கு: 100 ஹெர்ட்ஸ் ஒலியை அரை வினாடி பலமாக, அரை வினாடி 20 டெசிபெல் குறைவாக, மாறி மாறி 20 வினாடி. பதிவில் அந்த இடைவெளி 20 டெசிபெல்லாகவே இருந்தால் ஏ.ஜி.சி. இல்லை. 12, 8 என்று சுருங்கியிருந்தால் இருக்கிறது. அந்தப் போனை ஒதுக்கிவிடுங்கள், மென்பொருளால் பின்னாடி சரிசெய்ய முடியாது.

இரைச்சல் நீக்கிக்கு: அதே 100 ஹெர்ட்ஸ் துடிப்புகளுக்கு அடியில் மெல்லிய வெள்ளை இரைச்சலை 30 வினாடி ஓட விடுங்கள். முதல் இரண்டு மூன்று வினாடிக்குப் பிறகு இரைச்சல் மட்டும் தேய்ந்து மறைந்தால் நீக்கி வேலை செய்கிறது.

பதிவின் உச்சம் முழு அளவுக்கு 6 முதல் 12 டெசிபெல் கீழே இருக்கட்டும். மெலிந்த பிள்ளைகளின் மார்பில் முதல் ஒலி எதிர்பார்த்ததைவிடப் பலமாக வரும். உச்சி வெட்டுப்பட்டால் அந்த வெட்டிலிருந்து பிறக்கும் உயர் அதிர்வெண்கள் சிஸ்டோலின் (இதயம் சுருங்கும் நேரம்) தொடக்கத்தில் மர்மர்போல் தெரியும்.

#7 நாடிபார்ப்பவர்

குழந்தைகள் மருத்துவப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கருவி சரியாகிவிட்டது என்றால், எங்கே வைத்து எப்படிப் பதிவது என்பதும் சரியாக வேண்டும். ஒரே இடத்தில் பதிந்த ஒரு கோப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நான்கு இடங்கள். மார்பெலும்பின் வலது ஓரம், இரண்டாம் விலா இடைவெளி: அயோர்டிக். அதே உயரத்தில் இடது ஓரம்: பல்மனரி. இடது கீழ் ஓரம், நான்காம் இடைவெளி: ட்ரைகஸ்பிட். இடது காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில் ஐந்தாம் இடைவெளி: மைட்ரல். சிறு பிள்ளைகளுக்கு மைட்ரல் இடம் நான்காம் இடைவெளியில், கொஞ்சம் வெளித்தள்ளியே இருக்கும். விலா எண்ணத் தெரியாதவர்கள் கழுத்துக் குழியிலிருந்து விரலை இறக்கினால் மார்பெலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் இணைவது இரண்டாம் விலா, அதற்குக் கீழே இரண்டாம் இடைவெளி.

ஒவ்வோர் இடத்திலும் 20 வினாடி. முதல் 10 வினாடி இயல்பாக மூச்சு விடட்டும், அடுத்த 10 வினாடி மூச்சை வெளியே விட்டு நிறுத்தட்டும். எல்லாவற்றையும் மூச்சை நிறுத்தியே பதியாதீர்கள். மூச்சை இழுக்கும்போது இரண்டாம் ஒலி இரண்டாகப் பிரிந்து, விடும்போது சேர்வது இயல்பு. மூச்சோடு மாறாமல் பிரிந்தே நிற்பது மேலறைச் சுவர் ஓட்டைக்கு முக்கியமான துப்பு. மூச்சை நிறுத்திவிட்டால் அந்தத் துப்பு போய்விடும்.

மைட்ரல் இடத்துக்கு, படுக்கவைத்து இடப்பக்கம் ஒருக்களித்து, பெல்லை மிக லேசாக வைத்து இன்னொரு பதிவு. மைட்ரல் வால்வு சுருக்கத்தின் உருளல் ஒலி தாழ் அதிர்வெண். பெல்லை அழுத்தினால் தோல் இழுபட்டு அதுவே டயாஃப்ரம்போல் ஆகி, அந்த ஒலி போய்விடும். அயோர்டிக் கசிவுக்கு நேர்மாறு: உட்காரவைத்து முன்னால் குனியச் சொல்லி, மூச்சை வெளியே விட்டு நிறுத்தி, டயாஃப்ரத்தை இறுக்கி அழுத்தி, இடது மூன்றாம் இடைவெளியில். அது மெல்லிய உயர் ஒலி.

சட்டைக்கு மேல் வைத்த பதிவை எனக்கு அனுப்பவே வேண்டாம்.

#8 கிராமசெவிலி

டாக்டர் சொன்னதோடு முகாமில் கவனிக்க வேண்டியவை:

மின்விசிறியை அணையுங்கள். காற்றுச் சத்தம் மட்டும் காரணமல்ல. மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 350 சுற்று என்றால் வினாடிக்கு 17.5 அழுத்தத் துடிப்பு. அதன் மடங்குகள் 35, 52.5 என்று இதய ஒலியின் பட்டைக்குள்ளேயே விழும். மதிய உணவுக்கு முன் பதிவை முடித்துவிடுங்கள், வயிறு நிறைந்த பிறகு குடல் சத்தம் கீழ் இரண்டு இடங்களிலும் வரும். ஓடிவந்த பிள்ளையை 10 நிமிடம் உட்காரவைத்துவிட்டுப் பதியுங்கள்.

போனை ஏர்பிளேன் முறையில் போடுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். செஸ்ட்பீஸ் வயர் தொங்கி ஆடினால் உரசல் சத்தம் வரும். வயரை ஒரு வளையமாகச் சுற்றி, செஸ்ட்பீஸ் பிடித்திருக்கும் கையின் விரலிடுக்கில் வைத்துக்கொண்டால் ஆடாது. பிடிக்கிற விரலும் அசையக் கூடாது. பெரியவர்களுக்கு மார்பு முடி உரசி 'நறநற'வென்று வரும், அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்துப் படியவிட்டால் போதும். ஒவ்வொருவருக்கும் பிறகு 70% ஆல்கஹால் துடைப்பு.

பெரிய பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை, பெண் பணியாளர், பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல். இதில் சமரசம் கிடையாது.

#9 ரெசிஸ்டர்ராஜா

சிஸ்டர் சொன்ன ஏர்பிளேன் முறைக்குக் காரணம்: 2ஜி அலைபரப்பு வினாடிக்கு 217 முறை துடிக்கும். மைக் வயர் ஆன்டெனா ஆகி 217 ஹெர்ட்ஸில் 'கிர்ர்' என்று ஏற்றும், அதுவும் மர்மர் பட்டை. கவசமுள்ள வயர் போட்டாலும் ஏர்பிளேனைத் தவிர்க்காதீர்கள்.

சார்ஜர் மாட்டியிருந்தால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம். இதை நாட்ச் ஃபில்டரால் (ஒரே அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டி) எடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முதல் ஒலியின் ஆற்றலே அங்கேதான் இருக்கிறது. கூர்மையான நாட்ச் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அலையை வால்போல் நீட்டும். நாமே செய்த கருவி ஆளின் உடலில் படும்போது அதைப் பேட்டரியில் மட்டும் ஓட்டுவதுதான் பாதுகாப்பும்கூட.

#10 தேன்சிட்டு

குறுக்கே ஒரு கேள்வி. வெளி மைக்கே இல்லாமல் போனின் சொந்த மைக்கை மார்பில் வைத்துப் பதிய முடியாதா? புளூடூத் இயர்போன் மைக்?

#11 குறுஞ்செயலி

முதலாவது முடியும். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 'எக்கோஸ்' என்ற செயலியில் இதைத்தான் செய்தார்கள். ஐபோனை நேராக மார்பில் வைத்துப் பதிவு. பயன்படுத்தியவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குக் குறைந்தது ஒரு நல்ல பதிவாவது கிடைத்தது. 60 வயதுக்கு மேல் தரம் குறைந்தது. உறையைக் கழற்றி, அடிப்பக்க மைக் துளை தோலில் படியும்படி வைக்க வேண்டும். வீட்டில் ஒருவர் தன்னைத்தானே பதிய இது போதும். வெவ்வேறு போன்களில் பதிந்ததை ஒப்பிட இது உதவாது, ஏனென்றால் துளையின் இடமும் ஆழமும் மாடலுக்கு மாடல் வேறு.

புளூடூத் வேண்டவே வேண்டாம். அழைப்பு முறையில் அது பேச்சுக்கான குறுக்கத்தில், பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸில் போகும். இயர்போனுக்குள்ளேயே இரைச்சல் நீக்கியும் இருக்கும்.

மைக்கை விட்டு போனின் முடுக்கமானியைக் கொண்டு மார்பின் அதிர்வை அளக்கும் வழியும் இருக்கிறது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகக் குழு சீரற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க அதைக் கையாண்டது. தாளத்துக்கு நல்லது. மர்மருக்கு அல்ல: ஆண்ட்ராய்டு 12 முதல் தனி அனுமதி இல்லாமல் சென்சார் வேகம் 200 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, ஆக 100 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வு அதில் பதியவே பதியாது.

#12 இளவேனில்

சோதனை ஒலிகள் வைத்துப் பார்த்தோம். 'ஆ'வில் 20 டெசிபெல் இடைவெளி 9 ஆகச் சுருங்கியது, அதை ஒதுக்கிவிட்டோம். 'அ' 19 காட்டுகிறது. டியூப் இப்போது 3 செ.மீ. பதிவுகள் காதுக்கு மிகத் தெளிவு.

ஆனாலும் நெட்வொர்க் பாதிப் பேரை இயல்பற்றவர்கள் என்கிறது. துடிப்புகளைப் பிரிக்க ஸ்பிரிங்கரின் மறை மார்க்கோவ் நிரலைப் பயன்படுத்துகிறோம். சில சிறு பிள்ளைகளுக்கு இதயத் துடிப்பு 65, 70 என்று காட்டுகிறது. நாடியைத் தொட்டு எண்ணினால் 130-க்கு மேல்.

#13 அலைவரிசை

துடிப்பு பாதியாகத் தெரிவதற்குக் காரணம் எளிது. அந்த நிரல் ஒலி அலையின் மேல் உறையை நகர்த்தி அதனோடேயே ஒப்பிட்டு (தன்னொட்டுறவு), பொருந்தும் உச்சத்தை 0.5 முதல் 2 வினாடிக்குள் மட்டும் தேடுகிறது, அதாவது நிமிடத்துக்கு 30 முதல் 120 துடிப்பு. 140 துடிக்கும் பிள்ளைக்கு ஒரு சுற்று 0.43 வினாடி, தேடும் எல்லைக்கு வெளியே. அடுத்த உச்சம் 0.86-இல் கிடைக்கிறது, அது 70 என்று எழுதிவிடுகிறது. பிறகு சிஸ்டோல் டயஸ்டோல் எல்லாமே தவறான இடத்தில் விழும். கீழ் எல்லையை 0.3 வினாடி ஆக்குங்கள். 0.3 ஆக்கினால் பெரிய பிள்ளைகளிடம் லப்புக்கும் டப்புக்கும் இடையிலான தூரத்தையே ஒரு சுற்றாக எடுத்துவிடும் ஆபத்து உண்டு, அதனால் எல்லையை வயதைப் பார்த்து வையுங்கள். முடிந்தால் நாடியை எண்ணிக் கோப்போடு எழுதிவையுங்கள்.

வேகமான இதயத்தில் இன்னொரு சிக்கல். ஓய்வில் 72 துடிப்பு என்றால் சிஸ்டோல் 0.3 வினாடி, டயஸ்டோல் 0.5-க்கு மேல், நீளமானது டயஸ்டோல் என்று எளிதாகப் பிரிக்கலாம். 120-ஐத் தாண்டினால் இரண்டும் ஏறக்குறைய சமம். லப் எது டப் எது என்று அலைவடிவத்தை மட்டும் பார்த்துச் சொல்வது அப்போது ஊகம்தான். கழுத்து நாடியில் விரல் வைத்திருப்பவர் நாடி எழும்போதெல்லாம் மெல்ல 'ம்' சொன்னால்கூடப் போதும், அதற்குச் சற்று முன்னால் இருப்பது முதல் ஒலி.

முன் செயலாக்கம் இந்த வரிசையில் இருக்கட்டும். 48,000-லிருந்து 2000 ஹெர்ட்ஸுக்கு இறக்கம், மறக்காமல் தாழ்நிலை வடிகட்டியோடு. இருபத்து நான்கில் ஒரு மாதிரியை வெறுமனே எடுத்தால் மேலே உள்ள இரைச்சல் எல்லாம் மடிந்து கீழே விழும். பிறகு 25–400 ஹெர்ட்ஸ் பட்டர்வர்த் வடிகட்டி, முன்னும் பின்னுமாக இரு முறை ஓட்டி கட்ட நகர்வு இல்லாமல். பிறகு உரசல் முட்களை நீக்குதல்: 500 மில்லி வினாடிச் சன்னல்களில் ஒவ்வொன்றின் உச்சத்தையும் எடுத்து, அவற்றின் இடைநிலையைப் போல் மூன்று மடங்கைத் தாண்டும் சன்னலில் அந்த முள்ளை மட்டும் பூச்சியமாக்குங்கள். கடைசியில்தான் வீச்சைச் சீராக்குதல். முட்களை நீக்குவதற்கு முன் சீராக்கினால் ஒரே ஓர் உரசல் முழுப் பதிவையும் அமுக்கிவிடும்.

இப்போது 97 சதவீதம். பயிற்சிக்கும் சோதனைக்கும் எப்படிப் பிரித்தீர்கள்?

#14 இளவேனில்

எல்லாப் பதிவுகளையும் 3 வினாடித் துண்டுகளாக வெட்டி, கலைத்து, 80:20.

#15 அலைவரிசை

அப்படியானால் அந்த 97-ஐ அறிக்கையில் எழுதாதீர்கள். ஒரே ஆளின் துண்டு பயிற்சியிலும் இருக்கிறது, சோதனையிலும் இருக்கிறது. மாடல் ஆளை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆள் வாரியாகப் பிரிக்க வேண்டும்.

அதைவிட ஆழமான கோளாறு அந்தத் தரவிலேயே இருக்கிறது. பிசியோநெட் 2016 பல இடங்களில், பல கருவிகளில் பதிந்த தொகுப்புகளின் சேர்க்கை. 'ஏ' (A) தொகுப்பில் 409 பதிவு, அதில் 292 இயல்பற்றவை. 'இ' (E) தொகுப்பில் 2141 பதிவு, அதில் 183 மட்டுமே இயல்பற்றவை. கருவியை அடையாளம் கண்டுகொண்டாலே விடையைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். நெட்வொர்க் வால்வைக் கேட்கவில்லை, மைக்கைக் கேட்கிறது. உங்கள் மைக் அதற்குப் புதிது, அதனால்தான் இப்படி.

சோதித்துப் பாருங்கள்: இயல்பான ஆட்களின் டயஸ்டோல் துண்டுகளை மட்டும் வெட்டியெடுத்து, 'எந்தத் தொகுப்பு' என்று சொல்ல ஒரு சிறு மாடலைப் பயிற்றுவியுங்கள். அது நன்றாகச் சொன்னால், கருவியின் சாயல் தரவில் கசிகிறது என்பது நிரூபணம். ஒரு தொகுப்பை முழுதும் வெளியே வைத்து, மற்றவற்றில் பயிற்றுவித்துச் சோதிப்பதுதான் நேர்மையான எண்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் பொருத்தமானது 2022 பிசியோநெட் போட்டிக்கு வெளியான சர்கோர் டிஜிஸ்கோப் தரவு. வடகிழக்கு பிரேசிலில் 2014, 2015-இல் நடந்த முகாம்களில் பதிந்தது. 1568 பேர், 5272 பதிவு, 4000 ஹெர்ட்ஸ். 21 வயது வரையிலானவர்கள். நான்கு இடங்களிலும் பதிந்து, மர்மர் சிஸ்டோலிலா டயஸ்டோலிலா, எந்த இடத்தில் பலம் என்றெல்லாம் குறித்திருக்கிறார்கள். பொதுவில் கிடைப்பது 942 பேரின் 3163 பதிவு. முகாம் இரைச்சலோடு இருப்பதே அதன் பலம்.

இன்னொன்று: 'இயல்பு', 'மர்மர்' இரண்டோடு 'பதிவு சரியில்லை' என்ற மூன்றாவது விடையைக் கட்டாயம் வையுங்கள். செவிலியர் அங்கேயே மறுபடி பதிந்துகொள்ளலாம். முகாமில் உண்மையான பயன் தருவது இந்த விடைதான்.

#16 நாடிபார்ப்பவர்

எண்களைப் பற்றிப் பேசும்போது இதையும் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பிள்ளைகள், அதில் 10 பேருக்கு நோய் என்று வைப்போம். உங்கள் செயலி நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தையும் நலமானவர்களில் 90 சதவீதத்தையும் சரியாகச் சொல்கிறது. பிடிபடும் உண்மை நோயாளிகள் 9. நலமாக இருந்தும் 'சந்தேகம்' என்று எழுதப்படுபவர்கள் 99. அந்த 99 தாய்மாரிடம் யார், என்ன சொல்லப்போகிறார்கள் என்பதை முகாமுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். "இதயத்தில் கோளாறு" என்ற சொல் முகாமில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. "ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துவிடலாம்" என்பதோடு நிற்க வேண்டும், அந்த எக்கோவுக்கான (இதயத்தின் அல்ட்ராசவுண்டு படம்) தேதியும் இடமும் கையில் இருக்க வேண்டும்.

மர்மர் இருப்பதாலேயே நோய் இல்லை. பள்ளி வயதில் ஸ்டில் மர்மர் மிகச் சாதாரணம்: இடது கீழ் ஓரத்தில், சிஸ்டோலில் மட்டும், தந்தியை மீட்டியதுபோன்ற அதிர்வு, உட்கார்ந்தால் குறையும். காய்ச்சல், பயம், ஓட்டம் அதைக் கூட்டும். ஸ்பெக்ட்ரோகிராமில் (அதிர்வெண்களை நேரத்தோடு காட்டும் படம்) அது 400 ஹெர்ட்ஸ் வரை பரவாமல், குறுகிய பட்டையில் கோடுகளாகத் தெரியும். மாறாக டயஸ்டோலில் மர்மர் என்றால், எவ்வளவு மெல்லியதானாலும் எக்கோ. சிஸ்டோலில் லெவின் அளவில் (மர்மரின் பலத்தை 1 முதல் 6 வரை குறிப்பது) 3-ம் அதற்கு மேலும் என்றால் எக்கோ. உதடு நீலம், மூச்சிரைப்பு, எடை ஏறாமை என்றால் பதிவு எப்படி இருந்தாலும் எக்கோ.

மர்மர் இல்லாததாலேயே நலம் என்றும் இல்லை. ருமாட்டிக் இதய நோயில் (தொண்டைத் தொற்றைத் தொடரும் காய்ச்சலால் வால்வு கெடும் நோய்) இதுதான் கசப்பான உண்மை. 2007-இல் வெளியான ஆய்வில் கம்போடியாவில் 3677 பிள்ளைகளைக் காதால் கேட்டு 8 பேரை உறுதி செய்தார்கள். எக்கோவில் 79 பேர். மொசாம்பிக்கில் 2170 பேரில் காதுக்கு 5, எக்கோவுக்கு 66. பத்து மடங்கு. தேர்ந்த காதுகளே விட்டுவிட்டதை, அந்தக் காதுகள் தந்த குறிப்புகளைப் பார்த்துப் படித்த மாடல் பிடித்துவிடும் என்று நம்ப இடமில்லை. ஆகவே ருமாட்டிக் நோய்க்கான முகாம் என்றால் செலவைக் கையடக்க எக்கோவில் போடுங்கள் என்பதே என் கருத்து. பிறவி ஓட்டைகள், பலமான வால்வுக் கசிவுகள் இவற்றுக்கு ஒலிப்பதிவு கைகொடுக்கும். ஒரே பிள்ளையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே கருவியில் பதிந்து ஒப்பிடவும், தொலைவில் இருக்கும் நிபுணருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கவும் இதற்கு நிகரில்லை.

நெஞ்சுவலிக்கு இதைப் பயன்படுத்தலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: கூடாது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதும் இதய ஒலி இயல்பாக இருக்கலாம். அங்கே ஈ.சி.ஜி.யும் ஆம்புலன்ஸும்தான்.

#17 இளவேனில்

டாக்டர், நோக்கத்தையே மாற்றிக்கொள்கிறோம். செயலி நோயைச் சொல்லாது; பதிவின் தரத்தைச் சொல்லும், நான்கு இடமும் முடிந்ததா என்று பார்க்கும், நிபுணருக்கு அனுப்பும். மாடலை ஆள் வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டியதில் 97 என்பது 81 ஆகிவிட்டது, அதையே அறிக்கையில் எழுதுகிறோம்.

கடைசியாக ஒன்று. சோதனைக்காக ஒரு மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். "எதுவும் கேட்கவில்லை" என்கிறார். எங்களிடம் அதே கோப்பு தெளிவாகக் கேட்கிறது.

#18 குறுஞ்செயலி

வாய்ஸ் நோட்டாக அனுப்பியிருந்தால் அது பேச்சுக்கான குறுக்கத்தில் போயிருக்கும். 'டாக்குமென்ட்' என்று இணைத்து வேவ் கோப்பாகவே அனுப்புங்கள். 4000 ஹெர்ட்ஸ், 16 பிட், 20 வினாடி என்றால் 160 கிலோபைட்தான். நான்கு இடமும் சேர்ந்து ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. சில போன்களின் பிளேயர் 4000 ஹெர்ட்ஸ் கோப்பைத் திறக்காது, அதனால் அனுப்பும் பிரதியை 8000 ஆக்கிவிடுங்கள். கோப்பின் பெயரில் பிள்ளையின் பெயர் வேண்டாம். எண், இடம், நிற்பதா படுத்ததா, தேதி போதும்.

#19 நாடிபார்ப்பவர்

அவர் போன் ஸ்பீக்கரில் கேட்டிருப்பார். அந்தச் சிறு ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. காதை நன்றாக அடைக்கும் இயர்போன் போட்டு, அமைதியான அறையில், ஒலியைக் கூட்டிக் கேட்கச் சொல்லுங்கள். கூடவே அலைவடிவப் படம் ஒன்றும், எண்ணிய நாடியும், பிள்ளையின் வயதும் அனுப்புங்கள். அவை இல்லாமல் நான் எந்தப் பதிவுக்கும் கருத்துச் சொல்வதில்லை.